கொடிப்புதர்க் காடுகள் (ஆஸ்திரேலியா)

கொடிப்புதர்க் காடுகள் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலும் நியூ சவுத் வேல்ஸின் வடபகுதியிலும் சிதறிக் கிடக்கும் வறண்ட மழைக்காடுகள். பசால்ட் என்னும் எரிமலைப் பாறை சிதைந்து உருவான வளமான மண்ணிலும், நுண்துகள் படிவுப் பாறை நிலங்களிலும் இவை வளர்கின்றன. ஒரு நூற்றாண்டுக்குள் இவற்றின் பெரும்பகுதி வேளாண்மைக்காகவும் மேய்ச்சலுக்காகவும் அழிக்கப்பட்டது.

இயல்பு

இக்காடுகளின் மேல்விதானம் தாழ்வானது. பெரும்பாலும் 4 முதல் 9 மீட்டர் உயரமே இருக்கும். அதற்கு மேலே பாட்டில் மரங்கள் தலைநீட்டி நிற்கும். இம்மரம் பருத்த அடிமரத்தில் நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும். மரங்களுக்கிடையே கொடிகள் பின்னிக் கிடப்பதால் உள்ளே நுழைவது கடினம். கடும் வறட்சியில் சில மரங்கள் இலை உதிர்க்கும். மற்றவை பசுமையாகவே இருக்கும். எனவே இவை அரைப்பசுமைக் காடுகள் எனவும் அழைக்கப்படுகின்றன.

யூக்கலிப்டஸ் காடுகளைப் போல இவை தீயைத் தாங்கி மீள்வதில்லை. பசால்ட் கற்கள் குவிந்த இடங்களில் புல் அடர்ந்து வளராது. எனவே தீயும் எளிதில் பரவாது. பாறையே இக்காட்டுக்கு வேலியாக இருந்தது. வட குயின்ஸ்லாந்தின் உன்டாராவில் இதைத் தெளிவாகக் காணலாம். அங்கே சுமார் 1,90,000 ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு நீண்ட குகைகளை உருவாக்கியது. கூரை இடிந்து விழுந்த பள்ளங்களில் ஈரமும் மண்ணும் தங்கின. சுற்றிலும் வறண்ட வெளி இருக்க, அப்பள்ளங்களில் மட்டும் அடர்பச்சைக் காடு வளர்ந்து நிற்கிறது.

அழிவின் வரலாறு

லுட்விக் லைக்கார்ட் 1844-45 ஆம் ஆண்டுகளிலும் தாமஸ் மிட்செல் 1846-லும் இப்பகுதிகளின் வழியே பயணம் செய்தனர். அடர்ந்த புதர்க்காடுகள் பயணிகளுக்குத் தடையாக இருந்தன. பின்னர் வந்த குடியேறிகள் இக்காடு நின்ற மண் வளமானது என்பதைக் கண்டுகொண்டனர். அவர்களுக்குக் காடு வெட்டப்பட வேண்டிய 'மென்மரப் புதர்' மட்டுமே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சப்பாத்திக்கள்ளி பரவியதால் பல குடியேறிகள் நிலத்தைக் கைவிட்டுச் சென்றனர். அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒருவகை அந்துப்பூச்சியின் புழுக்கள் 1930களின் தொடக்கத்தில் கள்ளியைத் தின்று தீர்த்தன. நிலம் மீண்டும் உழவர் கைக்கு வந்தது; காடு வெட்டுவதும் மீண்டும் தொடங்கியது.

1962-இல் குயின்ஸ்லாந்து அரசு பிரிகலோ நில மேம்பாட்டுக்கெனச் சட்டம் இயற்றியது. பிரிகலோ என்பது அங்குள்ள ஒருவகை வேலமரம். இரண்டு டிராக்டர்களுக்கு இடையே கனத்த சங்கிலியைக் கட்டி இழுத்து, மரங்களை வேரோடு சாய்த்தனர். காய்ந்தபின் தீயிட்டு, மேய்ச்சல் புல் விதைத்தனர். பிரிகலோ காடுகளோடு கலந்து நின்ற கொடிப்புதர்க் காடுகளும் அவற்றோடு அழிந்தன.

இன்றைய அச்சுறுத்தல்கள்

மேய்ச்சலுக்காகப் பரப்பப்பட்ட பஃபல் புல் இன்று பெரும் சிக்கலாகியுள்ளது. தமிழ்நாட்டில் கொழுக்கட்டைப் புல் எனப்படும் அதே புல்தான் இது. கொங்கு நாட்டுக் கொரங்காடுகளில் மாடுகளுக்கு நல்ல தீவனமாக விளங்கும் இப்புல், அங்கே காட்டின் விளிம்பு வரை அடர்ந்து வளர்ந்து, காய்ந்ததும் கடுந்தீக்கு எரிபொருளாகிறது. பாறை தடுத்துவந்த தீ, புல்லின் வழியே காட்டை எட்டுகிறது.

உண்ணிச்செடியும் இவ்வாறே தீங்கு செய்கிறது. ஃபார்ட்டி மைல் ஸ்கிரப் தேசியப் பூங்காவில் மரங்கள் விழுந்த இடைவெளிகளை இச்செடி நிரப்புகிறது. வறட்சியில் அது எரியும்போது மேலும் மரங்கள் சாகின்றன. அந்த இடத்தையும் உண்ணிச்செடியே பிடிக்கிறது. காட்டுப்பன்றிகள் மண்ணைக் கிளறி நாற்றுகளை அழிக்கின்றன. காட்டுத் தரையின் இலைச்சருகைக் கிளறி இரைதேடும் கருமார்புக் காடை போன்ற பறவைகளும் இதனால் வாழிடம் இழக்கின்றன.

பாதுகாப்பு

1999-ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ், பிரிகலோ, நாண்டவார் பகுதிகளின் அரைப்பசுமைக் கொடிப்புதர்க் காடுகள் 2001-இல் அழிவின் விளிம்பிலுள்ள சூழலியல் சமூகமாக அறிவிக்கப்பட்டன. வேளாண்மைக்காகப் பெரும்பரப்பில் இயற்கைத் தாவரங்களை அகற்றுவதைக் குயின்ஸ்லாந்து அரசு 2006-இன் இறுதியில் நிறுத்தியது.

எனினும் எஞ்சியவை பெரும்பாலும் சிறு துண்டுகள். அவற்றில் பல தனியார் நிலங்களில் உள்ளன. வெட்டத் தடை விதித்தால் மட்டும் அவை பிழைக்காது. விளிம்பிலுள்ள புல்லைக் கட்டுப்படுத்துவது, உண்ணிச்செடியை அகற்றுவது, தீ உள்ளே நுழையாமல் காப்பது ஆகியவை ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலைகள். நில உரிமையாளரின் ஒத்துழைப்பின்றி அவை நடவா.

காட்டை வெட்டிய உழவர்கள் பாட்டில் மரங்களைப் பல இடங்களில் விட்டுவைத்தனர். வறட்சிக் காலத்தில் அவற்றின் மென்மையான தண்டு கால்நடைத் தீவனமாக உதவியது. வயல்களின் நடுவே தனித்து நிற்கும் அம்மரங்களைக் கொண்டு, ஒருகாலத்தில் கொடிப்புதர்க் காடு எங்கெல்லாம் இருந்தது என்பதை இன்றும் அறியலாம்.