உறுப்பினர் மறைந்த அவை: குரல் வாக்கும் கொறடா ஆணையும்

2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. பெருந்தொற்றுக் காலம் என்பதால் மாநிலங்களவை உறுப்பினர்கள் இரு அவைக் கூடங்களிலும் மாடங்களிலும் இடைவெளி விட்டு அமர்த்தப்பட்டிருந்தார்கள். பகல் ஒரு மணிக்கு முடிய வேண்டிய கூட்டம், எதிர்க்கட்சிகளின் மறுப்பையும் மீறி நீண்டது. வேளாண் மசோதாக்களைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று திமுகவின் திருச்சி சிவா தீர்மானம் கொடுத்திருந்தார். அது குரல் வாக்கில் தோற்றதாகத் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் அறிவித்தார். எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பு, அதாவது டிவிஷன், வேண்டும் என்று கேட்டார்கள், நடக்கவில்லை. கேட்டவர்கள் தம் இருக்கையில் இல்லை என்று பின்னர் காரணம் சொல்லப்பட்டது. அவைக் காட்சிப் பதிவைப் பார்த்த பத்திரிகையாளர்கள், சிவாவும் மார்க்சிஸ்ட் கட்சியின் ராகேஷும் இருக்கையில் இருந்தபடியே கேட்டதைச் சுட்டிக்காட்டினார்கள். அமளிக்கு நடுவே இரண்டு மசோதாக்கள் குரல் வாக்கிலேயே நிறைவேறின. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

அந்த நாளைப் பற்றி இரைச்சலைத்தான் அதிகம் எழுதினார்கள்; விதிப் புத்தகம் கிழிக்கப்பட்டது, ஒலிவாங்கி பிடுங்கப்பட்டது என்று. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. அந்த மசோதாக்களுக்கு மாநிலங்களவையில் எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்பதற்கு எந்த ஆவணமும் கிடையாது. நாட்டின் வேளாண் சந்தையை மாற்றி அமைக்க வந்த சட்டத்துக்கு யார் கை தூக்கினார்கள் என்று ஒரு வாக்காளர் கேட்டால் காட்டுவதற்கு ஒரு பெயர்ப் பட்டியல் இல்லை.

இந்திய நாடாளுமன்றம் ஆட்சித்துறைக்கு முன் வலுவிழந்து வருகிறது என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். கூட்ட நாட்கள் குறைந்தன, அவசரச் சட்டங்கள் பெருகின, நிலைக்குழுக்கள் ஓரங்கட்டப்பட்டன என்பவை வழக்கமான சான்றுகள். அவை உண்மைதான். ஆனால் அவற்றை நோயாக எண்ணுவதில் எனக்கு உடன்பாடில்லை, அவை அறிகுறிகள். உறுப்பினரின் வாக்கு அவருடையதாக இல்லாமல் போனதே மூலம். கொறடா ஆணை அந்த வாக்கைக் கட்சிக்கு உரியதாக்கியது; குரல் வாக்கு, அது இருந்த தடயத்தையும் அழித்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் மற்றவற்றை விளக்க முடியாது.

பழைய அவையைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. தடுப்புக்காவல் சட்டம் 1950 பிப்ரவரியில் ஒரே நாளில் நிறைவேறியது. அவசரச் சட்டங்களை அரசு எளிதாகக் கையாளுகிறது என்று முதல் சபாநாயகர் மாவலங்கரே நேருவுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆனாலும் அன்றைய அவையில் நடந்த ஒன்று இன்று நடக்குமா என்று யோசிப்பது பயன் தரும். ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் ஏறக்குறைய 1.24 கோடி ரூபாய் முதலீடு செய்த விவகாரத்தை 1957 டிசம்பரில் மக்களவையில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்தவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளும் காங்கிரஸின் உறுப்பினரும் பிரதமரின் மருமகனுமான பெரோஸ் காந்தி. நீதிபதி சாக்ளா விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சென்னையில் இருந்து போன அந்தத் திறமையான அமைச்சரைச் சாய்த்தது அவருக்குப் பின்னால் இருந்த வரிசை.

இன்றைய சட்டமும் கேள்வி கேட்பதைத் தடுக்கவில்லை என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் கேள்வியின் கூர்மை, கேட்பவர் தேவைப்பட்டால் எதிராக வாக்களிக்கவும் கூடும் என்ற எண்ணத்தில் இருந்து வருகிறது. அந்த எண்ணத்தைத்தான் 1985இல் 52ஆவது அரசியல் சட்டத் திருத்தம் எடுத்துக்கொண்டது.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1967இல் ஹரியானாவின் கயா லால் இரண்டு வாரத்தில் மூன்று முறை அணி மாறியதில் இருந்து, எம்.எல்.ஏ.க்களின் விலைபேச்சு அரசியலின் அன்றாட வழக்கமாகியிருந்தது. அதைத் தடுக்க அந்தத் திருத்தம் கொண்டுவந்த பத்தாவது அட்டவணை இரண்டு வகைச் செயல்களை ஒரே குற்றமாக்கியது. கட்சியை விட்டுப் போவது ஒன்று. கட்சியில் இருந்துகொண்டே கட்சிக் கொறடாவின் ஆணைக்கு மாறாக ஒரு மசோதாவில் வாக்களிப்பதோ வாக்களிக்காமல் விலகி நிற்பதோ இன்னொன்று. முன்னது கட்சித்தாவல், பின்னது நாடாளுமன்ற உறுப்பினரின் வேலை. கொறடா ஆணையை மீறினால் பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னித்தாலொழிய பதவி போகும். நம்பிக்கை வாக்கெடுப்பா, மீன்வள மசோதாவின் ஒரு திருத்தமா என்ற வேறுபாடெல்லாம் கிடையாது. 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அட்டவணையை ஏற்றது. அரசின் உயிர்ப் பிரச்சினைகளுக்கும் முக்கியக் கொள்கைகளுக்கும் மட்டும் ஆணை பொருந்த வேண்டும் என்ற குறிப்பும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கட்சிகள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதன் விசித்திரத்தை அருகில் பார்க்க 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டமன்றம் போதும். பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில் 122 பேர் ஆதரவாகவும், ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். ஆகஸ்டில் இவ்விருவர் அணிகளும் இணைந்தன. அந்த 11 பேரின் பதவிக்கு ஒன்றும் நேரவில்லை. அதே மாதம் ஆளும் கட்சிக்குள் இருந்த டி.டி.வி. தினகரன் ஆதரவாளர்கள், முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் மனுக் கொடுத்தார்கள். அவையில் எந்த வாக்கெடுப்பிலும் மாறி வாக்களிக்கவில்லை. செப்டம்பர் 18 அன்று அவர்களில் 18 பேரைச் சபாநாயகர் தனபால் தகுதிநீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் மாறுபட்ட தீர்ப்பு வந்து, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் அதை உறுதிசெய்தார். சட்ட நுணுக்கத்தில் இரண்டு முடிவுகளுக்கும் நியாயம் கற்பிக்கலாம். ஆனால் அரசுக்கு எதிராக வாக்களித்தவர்கள் நீடிக்க, மனுக் கொடுத்தவர்கள் வெளியேறினார்கள் என்ற விளைவைப் பார்த்த சாதாரண உறுப்பினர் அதிலிருந்து என்ன பாடம் படித்திருப்பார்? தன் பதவி தன் செயலில் இல்லை, ஆட்சியின் கணக்கில் இருக்கிறது என்பதைத்தான்.

ஆட்சித்துறை அவையின் பெரும்பான்மையில் இருந்தே பிறக்கும் நாடாளுமன்ற முறையில் இது இயல்பு என்பது வலுவான எதிர்வாதம். மக்கள் கட்சிச் சின்னத்துக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள் என்பார்கள். நாம் இந்த முறையை எடுத்துக்கொண்ட இடத்தையே பார்ப்போம். 2019 ஜனவரி 15 அன்று தெரசா மே கொண்டுவந்த பிரெக்சிட் ஒப்பந்தத்தை பிரிட்டன் பொதுச்சபை 432-க்கு 202 என்று தோற்கடித்தது. எதிர்த்தவர்களில் 118 பேர் அவருடைய சொந்தக் கட்சியினர். அதே ஆண்டு செப்டம்பரில் போரிஸ் ஜான்சன் தம் கட்சியின் 21 பேரைக் கொறடா வட்டத்தில் இருந்தே நீக்கினார். கட்சி போனது, அவர்களுடைய அவை இருக்கை போகவில்லை. ஆக, ஆட்சியும் அவையும் ஒட்டிப் பிறந்திருப்பது மட்டுமே காரணம் அன்று. இருக்கையைக் கட்சித் தலைமையின் கையில் கொடுத்தது நாம் செய்த தேர்வு. அங்கே ஒவ்வொரு டிவிஷனிலும் யார் எந்தப் பக்கம் போனார் என்பது பெயரோடு பதிவாகிறது. இங்கே பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கில் நிறைவேறுகின்றன. முடிவு முன்னரே தெரிந்த வாக்கை எண்ணி என்ன ஆகப் போகிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நடைமுறை அதைத்தான் சொல்கிறது.

வாக்கு இப்படி ஆன பிறகு மற்றவை சரிவதில் வியப்பில்லை. மாற்ற முடியாத வாக்குகளின் மேல் வாதம் எதற்கு? முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள் கூடியது. பதினேழாவது மக்களவை ஏறக்குறைய 55 நாள். முழுக் காலம் நடந்த மக்களவைகளில் இதுவே குறைவு. துறைவாரி நிலைக்குழுக்கள் 1993இல் வந்தபோது பெரிய நம்பிக்கை இருந்தது. கேமராவும் கொறடாவும் இல்லாத அந்த அறைகளில் கட்சி எல்லைகள் சற்றே தளர்வதுண்டு. பதினைந்தாவது மக்களவையில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. பதினேழாவதில் 16 விழுக்காடு. 2018 மார்ச்சில் எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் கில்லட்டின் முறையில் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் விவாதமின்றி நிறைவேறின. அரசியல் கட்சிகளுக்கு வந்த வெளிநாட்டு நன்கொடைகள் குறித்த ஒரு விதியை 1976 முதல் முன்தேதியிட்டு மாற்றிய திருத்தமும் அந்த மசோதாவுக்குள் இருந்தது. படித்துப் பார்க்க யாருக்கும் நேரம் கிடைத்திருக்காது.

எதிர்க்கட்சிகள் அவையை முடக்குவதை இங்கே மறைக்கக் கூடாது. அலைக்கற்றை விவகாரத்தில் 2010 குளிர்காலக் கூட்டத்தொடரைப் பெரும்பாலும் முடக்கியது அன்றைய எதிர்க்கட்சியான பாஜக. ஆனால் வாக்கால் எதையும் மாற்ற முடியாதவருக்கு எஞ்சிய கருவி இரைச்சல்தான். இரைச்சலை ஆட்சித்துறை வெறுப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. அமளிக்கு நடுவே மசோதாக்கள் விரைவாக நகர்கின்றன.

அவை பயன்படுத்தாத அதிகாரம் அதோடு மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. வேளாண் சட்டங்களின் பிற்பகுதி இதற்குச் சான்று. ஜூன் 2020இல் அவசரச் சட்டமாக வந்தவை செப்டம்பரில் சட்டமாயின. விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டுக் குளிர்காலக் கூட்டத்தொடர் கூட்டப்படவேயில்லை. பதினொரு சுற்றுப் பேச்சுவார்த்தை அமைச்சர்களுக்கும் விவசாயச் சங்கங்களுக்கும் இடையே நடந்தது. 2021 ஜனவரியில் சட்டங்களை நிறுத்தி வைத்தது உச்ச நீதிமன்றம். திரும்பப் பெறுவதாக நவம்பர் 19 அன்று தொலைக்காட்சியில் அறிவித்தவர் பிரதமர். நவம்பர் 29 அன்று இரு அவைகளும் விவாதமில்லாமல், சில நிமிடங்களில், அதே குரல் வாக்கில் அவற்றை நீக்கின. ஓராண்டுக்கு மேல் நாட்டை உலுக்கிய ஒரு விவகாரத்தில் தெருவுக்கு ஒரு பங்கு இருந்தது, நீதிமன்றத்துக்கு ஒரு பங்கு இருந்தது, அமைச்சரவைக்கு இரண்டு பங்கு இருந்தது. சட்டத்தை ஆக்கிய அவைக்கும் நீக்கிய அவைக்கும் முத்திரை குத்தும் வேலை மட்டுமே இருந்தது. விவசாயிகள் தங்கள் தொகுதி எம்.பி.யைத் தேடிப் போகாமல் நெடுஞ்சாலைக்குப் போனது அறியாமையால் அன்று. அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் அரசியல் அறிஞர்களைவிடத் தெளிவாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

மாற்று என்ன என்பதும் புதிதல்ல. தினேஷ் கோஸ்வாமி குழு 1990இலேயே சொல்லிவிட்டது: நம்பிக்கை வாக்கெடுப்பு, பண மசோதா, குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றித் தீர்மானம் போன்றவற்றுக்கு மட்டும் கொறடா ஆணை கட்டுப்படுத்தட்டும், மற்றவற்றில் உறுப்பினர் மீறினாலும் பதவி போகக் கூடாது. இதே நோக்கில் மணீஷ் திவாரி தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை. திருநர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறியும் மக்களவையைத் தாண்டவில்லை. எதிர்க்கட்சியில் இருக்கும்போது அவையின் மாண்பைப் பேசும் கட்சிகள்கூடத் தம் கொறடாவின் பிடியைத் தளர்த்த முன்வருவதில்லை; ஆட்சித்துறைக்கு உதவும் கருவி கட்சித் தலைமைக்கும் உதவுகிறது. கோஸ்வாமி குழு சொன்ன மாற்றத்தைச் செய்ய அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும். அத்திருத்தம் குரல் வாக்கில் முடியாது. 368ஆவது பிரிவு கேட்கும் பெரும்பான்மையை எண்ணித்தான் காட்ட வேண்டும், ஒவ்வொருவர் வாக்கும் பதிவாகும். அந்த வாக்கெடுப்புக்கும் முந்தைய நாளே கொறடா ஆணை வந்திருக்கும்.