மூலமும் பிரதியும்: கணினி வரைபடத்தில் பிளாக்கின் வரலாறு

கதவு, கைகழுவும் தொட்டி, மின்விளக்குக் குறி போன்றவற்றை ஒரே கட்டட வரைபடத்தில் பலமுறை இட வேண்டியிருந்த வரைவாளர்கள், அவ்வுருவங்கள் வெட்டப்பட்ட டெம்ப்ளேட் என்னும் பிளாஸ்டிக் தகட்டைத் தாளின் மேல் வைத்து ஓரம் பிடித்து வரைந்து வந்தனர். வரைந்து முடித்த உருவத்துக்கும் தகட்டுக்கும் அதன்பின் எத்தொடர்பும் இராது. அத்தொடர்பை அறுபடாமல் வைத்தவர் ஐவன் சதர்லண்ட். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1963-இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்காக, லிங்கன் ஆய்வகத்தின் டிஎக்ஸ்-2 கணினியில் உருவான ஸ்கெட்ச்பேட் நிரல், உருவத்தை ஒருமுறை மட்டும் மூலப்படமாகச் சேமித்து, அதன் பிரதி ஒவ்வொன்றுக்கும் இடம், அளவு, சாய்வு ஆகியவற்றையே குறித்துக்கொண்டது. ஆதலால் மூலத்தைத் திருத்தியதும் பிரதிகள் அனைத்தும் தாமே மாறின. 900 அறுகோணங்கள் கொண்ட கோலமொன்றை இம்முறையில் அமைக்க ஏறத்தாழ அரை மணி நேரம் பிடித்ததென்றும், கையால் வரைய இரண்டு நாள் ஆகுமென வரைவுப் பிரிவினர் மதிப்பிட்டதாகவும் ஆய்வேடு கூறுகிறது.

1982-இல் சந்தைக்கு வந்த ஆட்டோகேட் என்னும் வரைவு நிரல் வழியே இவ்வமைப்பு பிளாக் என்னும் பெயரில் மேசைக் கணினிகளில் பரவியது. வரைவாளர்கள் இன்றும் தேடித் திருத்தும் கோளாறுகள் பலவற்றை நிரலின் பிழையென்று கொள்வது பொருந்தாது. அவை மூலம், பிரதி என்ற பிரிவினையிலிருந்தே பிறப்பவை. வேறொரு கோப்பிலிருந்து புதிய கதவை ஒட்டும்போது, அதே பெயரில் ஒரு பிளாக் முன்னரே இருந்தால், வரைபடம் தன்னிடமுள்ள மூலத்தையே ஏற்பதால், பழைய கதவே மீண்டும் தோன்றும். இரண்டில் ஒன்றன் பெயரை மாற்றுவதே இதற்குத் தீர்வாகும். லேயர் எனப்படும் அடுக்குகளிலும் இவ்வாறே: 0 என்னும் லேயரில் வரைந்த கோடுகள் பிளாக் செருகப்படும் லேயரின் இயல்பை ஏற்க, பிற லேயரில் வரைந்தவை தம் நிறத்தை விடுவதில்லை. பொறுமையிழந்தோர் கையாளும் எக்ஸ்ப்ளோட் கட்டளை பிளாக்கைத் தனிக் கோடுகளாகச் சிதைத்துவிடுமாதலின், பின்னர் மூலத்தில் செய்யும் திருத்தம் அக்கோடுகளை எட்டாது.

இவற்றினும் சிக்கலானது அட்ரிபியூட், அதாவது கதவு எண் போன்று பிரதிக்குப் பிரதி வேறுபடும் எழுத்துத் தகவல். கோடுகள் மூலத்தில் இருக்க, இத்தகவல் அந்தந்தப் பிரதியிலேயே சேமிக்கப்படுவதால், மூலத்தில் புதிதாகச் சேர்த்த அட்ரிபியூட் பழைய பிரதிகளில் தானே தோன்றாது. அட்சிங்க் கட்டளை அதைக் கொண்டுசேர்க்கும்போது, எண்கள் மாறாமல் நிற்கும், எனினும் வரைவாளர் இடம் நகர்த்தி வைத்திருந்த எழுத்துகள் மூலத்தின் இடத்துக்கே திரும்பிவிடும்.