கண்ணாடித் தகட்டில் நின்ற ஊர்கள்

மலர்க்குழு நண்பர், "வரலாறு சம்பந்தமா ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று கேட்டபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தவை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து மலை ஊர்களின் பழைய போட்டோக்கள்தான். கௌபாய் படங்களில் பார்ப்போமே, மண் தெரு, மரப்பலகைக் கடைகள், குதிரை வண்டி, அதே மாதிரி ஊர்கள். துப்பாக்கிச் சண்டையை விடுங்கள். அந்தப் படங்களுக்குப் பின்னால் இருக்கும் கெமிஸ்ட்ரியும் இன்ஜினியரிங்கும் நமக்கு இன்னும் சுவையான விஷயம்.

அந்த மலைகளைப் படமெடுத்தவர்களில் முதன்மையானவர் வில்லியம் ஹென்றி ஜாக்சன் (1843–1942). 1870களில் அரசு அனுப்பிய ஹேடன் ஆய்வுக் குழுவுடன் போனவர். அன்று இருந்தது ஈரத்தகடு முறை. கண்ணாடியில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து டெவலப் செய்து முடிச்சாகணும். காய்ந்துவிட்டால் போச்சு! ஆகவே இருட்டறைக் கூடாரம், கண்ணாடிகள், ரசாயனங்கள் எல்லாமே கோவேறு கழுதை முதுகில் மலையேறின. ஒரு கழுதைக்கு அவர் வைத்த பெயர் "ஹைப்போ". போட்டோ கழுவியவர்களுக்கு அந்தப் பெயர் புரியும்! 1871-ல் அவர் எடுத்த யெல்லோஸ்டோன் படங்கள், மறு ஆண்டே அந்த இடம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்படத் துணை நின்றன.

அக்காலத் தெருப் படங்கள் பலவற்றைப் பார்த்தால், "என்னப்பா, ஊரே காலியா இருக்கே" என்று தோன்றும். ஊர் காலி இல்லை. லென்ஸ் பல விநாடிகள் திறந்திருக்க வேண்டும். அசையாமல் நின்றவர்கள் விழுந்தார்கள். வேலையாக நடந்தவர்கள் புகை போல மங்கினார்கள், அல்லது மறைந்தே போனார்கள்.

லெட்வில் என்ற ஊரைச் சொல்கிறேன். 10,000 அடிக்கும் மேலான உயரம். 1870களின் கடைசியில் வெள்ளிச் சுரங்கத்தால் திடீரென்று பெருத்தது. 1880 கணக்கெடுப்பில் 14,820 பேர். 1893-ல் அரசு வெள்ளி வாங்கும் சட்டம் ரத்தானது, விலை சரிந்தது, ஊரும் சரிந்தது. 2020 கணக்கெடுப்பில் மூவாயிரம் பேர்கூட இல்லை. அந்தக் கூட்டத்துக்குச் சாட்சியாக மிஞ்சியவற்றில் இந்தப் படங்களும் சேர்த்தி.

பிறகு உலர்தகடு வந்தது. முன்பே தயாரித்து வைக்கலாம், கூடாரம் வேண்டாம். அதைத் தயாரித்துப் பணம் சேர்த்தவர்கள் ஸ்டான்லி இரட்டையர்கள். நீராவிக் கார் செய்தவர்களும் இவர்களே. 1904-ல் தகட்டுத் தொழிலை ஈஸ்ட்மன் கோடக்கிடம் விற்றார்கள். இருவரில் எஃப்.ஓ. ஸ்டான்லிக்குக் காசநோய். 1903-ல் மலைக்காற்றுக்காகக் கொலராடோவின் எஸ்டஸ் பார்க் பள்ளத்தாக்குக்கு வந்தார், தேறினார். 1909-ல் அங்கே ஸ்டான்லி ஓட்டலைத் திறந்தார். ஓட்டலுக்கும் ஊருக்கும் மின்சாரம் தர ஃபால் ரிவர் ஆற்றில் புனல் மின்நிலையம் கட்டினார். ரயில் இல்லாத ஊர் அது. விருந்தினர்களை ரயிலடியிலிருந்து நீராவி வண்டியிலேயே ஏற்றி வந்தார். போட்டோத் தகட்டில் வந்த பணம், பிறகு ஆயிரம் பேர் போட்டோ எடுக்கும் ஓட்டலாக மாறியது, பாருங்க! பிழைப்பாரா என்றிருந்த மனிதர் 91 வயது வரை வாழ்ந்து 1940-ல் காலமானார். 1974-ல் அங்கே தங்கிய ஸ்டீபன் கிங் எழுதியதுதான் 1977-ல் வந்த "தி ஷைனிங்". மின்நிலையத்தின் கதை மட்டும் சோகம். 1982 ஜூலை 15 அன்று மேலே இருந்த லான் லேக் மண் அணை உடைந்து அதைச் சிதைத்தது. மூன்று உயிர்களும் போயின.

ஆனால் எல்லாரையும் மறைத்தது லென்ஸ் மட்டுமல்ல. 1869 மே 10 அன்று யூட்டா பகுதியில் கிழக்கு, மேற்கு ரயில் பாதைகள் இணைந்தன. ஆண்ட்ரூ ரஸ்ஸல் எடுத்த அந்தக் குழுப் படம் உலகப் புகழ் பெற்றது. மேற்குப் பாதையைப் போட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். படத்தில் அவர்களைத் தேடினாலும் கிடைப்பது அரிது. 2014-ல் சீன அமெரிக்கர்கள் அதே இடத்தில் கூடி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். 145 வருஷம் கழித்து!

நண்பர்களே, சங்கமத்துக்கு வரும்போது உங்கள் செட் குரூப் போட்டோவை எடுத்து வாருங்கள். பேராசிரியர்கள் நாற்காலியில் இருப்பார்கள், நாம் பின்னால் நிற்போம். நமக்கு லேத் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஒர்க்ஷாப் அண்ணனும், ராத்திரி பசிக்கு முட்டை தோசை போட்டுக் கொடுத்த மெஸ் மாஸ்டரும் அதில் இருக்கிறார்களா? இல்லையென்றால் அவர்களையும் அழைத்து நடுவில் உட்காரவைத்து ஒரு படம் எடுப்போம். பின்பக்கம் எல்லார் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறி முகத்தைக் கெடுத்துவிடும்.