ஆளைத் தரம் பிரித்த ஊர்

ஆல்ப்ஸில் பனிச்சறுக்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது சரிவின் நிறத்தை. ஆஸ்திரியாவில் நீலம் என்றால் எளிது, சிவப்பு நடுத்தரம், கருப்பு கைதேர்ந்தவர்களுக்கு. சரிவைத் தரம் பிரிப்பது இருக்கட்டும், ஆட்களையே தரம் பிரித்தவர் ஒருவர் உண்டு: ஹான்னஸ் ஷ்னைடர்.

1890-இல் ஸ்டூபன் கிராமத்தில் பிறந்த இவர், 1907-இல் சங்க்ட் ஆன்டனுக்குப் பனிச்சறுக்கு ஆசிரியராக வந்தார். பிறகு அங்கே ஒரு பள்ளியே நடத்தினார். வந்தவர்களைத் திறமைக்கேற்ப வகுப்பு வகுப்பாகப் பிரித்தார். பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகட்டி வேகத்தை அடக்குவது முதல் பாடம். அது கைவந்த பிறகுதான் திருப்பங்கள். இதுதான் 'ஆர்ல்பெர்க் முறை'.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். நாஜிகளுக்கு வளைந்து கொடுக்காத ஷ்னைடர் உடனே கைதானார். ஊருக்கே சோறு போட்ட மனிதருக்கு இந்த கதி! ஹார்வி கிப்சன் என்ற அமெரிக்க வங்கியாளரின் முயற்சியால் 1939-இல் குடும்பத்துடன் நியூ ஹாம்ப்ஷயரின் நார்த் கான்வேக்குப் போய்ச் சேர்ந்தார். 1955-இல் அங்கேயே இறந்தார்.

வேடிக்கை என்னவென்றால், தொடக்கக்காரர்களுக்குப் பாடம் வகுத்த அதே சங்க்ட் ஆன்டன் இன்று செங்குத்துச் சரிவுகளுக்குத்தான் பேர்போனது. புதியவர்களுக்கு லெஹ் தோதான ஊர். 2016-இல் ஃப்ளெக்சன் கேபிள் கார் வந்தபின், இரண்டுக்கும் இடையே பேருந்து ஏறாமலே போய்வரலாம்.