கற்கை விடுமுறையும் மலையக ஆசிரியரும்: பேராதனையில் கல்வியியல் பட்டமேற்படிப்பின் செலவை யார் சுமக்கிறார்?

1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை என்று வரையறுக்கப்பட்டது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழு 1943இல் அறிக்கை சமர்ப்பித்தபோது இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கு வயது ஒன்று. பட்டத்துக்கு மேற்பட்ட படிப்பு, பெரும்பாலும் இங்கிலாந்துக்குக் கப்பலேறக்கூடிய சிலரின் காரியமாக இருந்தது. ‘பல்கலைக்கழகம் வரை’ என்பது நடைமுறையில் முதற்பட்டத்தோடு நின்றுபோனதற்கு அந்தக் காலச் சூழல் ஒரு விளக்கம். இன்றும் அது அங்கேயே நிற்பதற்கு அந்த விளக்கம் போதாது.

மஹாபொல புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அதன் கொடுப்பனவு பட்டப்படிப்பு மாணவருக்கு உரியது. உதவித்தொகையான பர்சரியும் அப்படியே. 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன், அரச பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்கள் வேறிடத்தில் முதற்பட்டம் பெறுவதற்கானது. மலையகத் தமிழருக்கு நெருக்கமான தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் 1940களில் இந்தியப் பிரதிநிதியின் முயற்சியால் தோன்றி, இன்று கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தின் வழியே இயங்குகிறது. அதுவும் உயர்தர மாணவரையும் பட்டப்படிப்பு மாணவரையும் நோக்கியே அமைந்தது. பட்டம் பெற்ற மறுநாள் இந்தக் கதவுகள் அனைத்தும் சாத்தப்படுகின்றன.

மற்றத் துறையினருக்கும் இது பொதுவானதுதானே என்று கேட்கலாம். கல்வியியலில் ஒரு வேறுபாடு உண்டு. பட்டதாரி ஆசிரியர் ஒருவர் இலங்கை ஆசிரியர் சேவையில் முன்னேற வேண்டுமானால் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை முடித்தாக வேண்டும்; சேவைப் பிரமாணக்குறிப்பு அதைத் தகைமையாக விதித்திருக்கிறது. தொழில் தருநரும் அரசு, தகைமையை விதிப்பதும் அரசு, வகுப்பு நடத்தும் பல்கலைக்கழகமும் அரசுடையது. அப்படியிருக்க, பாடநெறிக் கட்டணம் ஆசிரியரின் சம்பளத்திலிருந்து போகிறது. கல்வி முதுமாணி, முதுதத்துவமாணி என்று மேலே செல்லச் செல்லக் கட்டணமும் கூடுகிறது, காலமும் நீள்கிறது.

சம்பளம் உயரும், ஆகவே செலவை ஆசிரியரே ஏற்பது நியாயம் என்பது இதற்குச் சொல்லப்படும் பதில். நான் இதை ஏற்கவில்லை. ஆசிரியர் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை நாடு முழுவதும் ஆசிரியர்கள் கற்பித்தலைப் புறக்கணித்தார்கள். அடுத்த ஆண்டு பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. அந்த ஆண்டுகளைக் கடந்துவந்த ஒரு குடும்பத்திடம், பின்னர் வரப்போகும் சம்பள ஏற்றத்தைக் காட்டி இன்று இடர்க்கடன் எடுக்கச் சொல்வது, பயிற்சியின் செலவை ஊழியர் தலையில் கட்டுவதாகும். பயிற்சியால் முதலில் பயனடைவது வகுப்பறையில் இருக்கும் பிள்ளை.

கட்டணத்தைவிடப் பெரிய விடயம் காலம். கல்வியியல் பட்டமேற்படிப்புக்கு இந்த நாட்டில் உண்மையாகக் கிடைக்கும் மிகப் பெரிய நிதியுதவி, புலமைப்பரிசில் என்ற பெயரில் வருவதில்லை. சம்பளத்துடன் கூடிய கற்கை விடுமுறையாக வருகிறது. முழுநேர டிப்ளோமாவுக்குத் தெரிவாகும் ஆசிரியர் ஓராண்டு முழுச் சம்பளத்தோடு படிக்கிறார். ரூபாய்க் கணக்கில் மஹாபொல அதற்கு அருகிலும் வராது. ஆனால் இது ஆளைப் பார்த்துக் கிடைப்பதைவிடப் பாடசாலையைப் பார்த்தே கிடைக்கிறது. கண்டி நகரின் பெரிய பாடசாலையில் ஒரு கணித ஆசிரியர் போனால் மற்ற மூவர் பாடவேளைகளைப் பகிர்ந்துகொள்வார்கள். தெல்தோட்டையிலோ புசல்லாவையிலோ உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் அவர் ஒருவரே கணித ஆசிரியர் என்றால், அதிபர் சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்திடத் தயங்குவதை எப்படிக் குறை சொல்வது? வலயக் கல்வி அலுவலகத்திடமும் அனுப்புவதற்கு ஆள் இல்லை. பெருந்தோட்டப் பாடசாலைகளின் பற்றாக்குறை எவ்வளவு ஆழமானது என்பதற்கு, கடந்த தசாப்தத்தின் நடுப்பகுதியில் 6,000 ரூபாய் மாதக் கொடுப்பனவோடு சேர்க்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்களே சாட்சி. எங்கே ஆசிரியர் குறைவோ அங்கேதான் விடுமுறையும் அரிது. தேவை மிகுந்த இடத்தை உதவி எட்டாதபடி அதன் அமைப்பே தடுக்கிறது.

ஆகவே அந்த ஆசிரியர் வார இறுதி வகுப்பையோ, பொல்கொல்லையில் பிராந்திய நிலையம் கொண்ட திறந்த பல்கலைக்கழகத்தையோ நாடுகிறார். ஹற்றனிலிருந்து வருபவர் நாவலப்பிட்டி, கம்பளை வழியாக மலையிறங்கிப் பேராதனை சேர வேண்டும். பயணச் செலவு, கண்டியில் ஓரிரவு தங்கும் செலவு, வாரத்தில் இருக்கும் ஒரே ஓய்வு, எல்லாம் அவருடையவை. பெண் ஆசிரியருக்கு இதோடு வீட்டு வேலையும் சேரும். இந்தச் செலவுகள் எந்த விண்ணப்பப் படிவத்திலும் இடம்பெறுவதில்லை.

வெளிநாட்டு வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. 1959இல் ஒக்ஸ்போர்ட் மாநாட்டில் உருவான பொதுநலவாயப் புலமைப்பரிசில், புல்பிரைட், இந்தியாவில் முதுமாணி படிக்க மௌலானா ஆசாத் திட்டம் ஆகியவை முக்கியமானவை. ஜப்பானிய அரசின் ஆசிரியர் பயிற்சிப் புலமைப்பரிசில் பணியிலிருக்கும் ஆசிரியருக்கென்றே வகுக்கப்பட்டது; ஐந்தாண்டு அனுபவம் வேண்டும், வயது 35ஐத் தாண்டக் கூடாது, நிறைவில் பட்டம் கிடைப்பதில்லை. தமிழ் மொழிமூலம் படித்து, தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் பேசும் சூழலின்றிப் பணியாற்றுபவருக்கு, ஆங்கிலத் தேர்ச்சி கோரும் இடங்களில் விண்ணப்பிக்கும் துணிவே எளிதில் வருவதில்லை.

உள்நாட்டு ஆய்வு நிதியின் போக்கு இன்னும் வருத்தம் தருகிறது. மானிடவியல், சமூக விஞ்ஞானத் துறைகளின் உயர்கற்கைக்காக 2005இல் அமைக்கப்பட்ட தேசிய நிலையத்தின் முதுதத்துவமாணி, கலாநிதி உதவிகள் பல்கலைக்கழக விரிவுரையாளரையே முதன்மையாகக் கருதின. உலக வங்கி 2017இல் 10 கோடி டொலர் ஒதுக்கிய உயர்கல்வித் திட்டத்தின் கலாநிதி வாய்ப்புகளும் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கே சென்றன. பன்விலையில் பல்தரக் கற்பித்தலை நாள்தோறும் நடத்தும் ஒருவர் அதையே ஆராய விரும்பினால், பாடசாலை ஆசிரியர் என்ற நிலையே அவருக்குத் தடையாகிறது. மலையகக் கல்வி பற்றிய ஆய்வுகள் வெளியிலிருந்து எழுதப்படுவதாகக் குறைப்படும் நாம், உள்ளே இருப்பவர் எழுதுவதற்கு வழி செய்யவில்லை.

மாணவருக்கு இன்னொரு சிறு கொடுப்பனவைச் சேர்ப்பதால் மட்டும் இது தீராது. விடுமுறையில் செல்லும் ஆசிரியரின் இடத்துக்கு ஓராண்டு பதிலாசிரியரை அமர்த்தும் நிதியே முதலில் வேண்டும். மத்திய மாகாணக் கல்வித் திணைக்களம் அதைத் தோட்டப் பாடசாலைகளுக்கு முன்னுரிமையோடு ஒதுக்கலாம். விடுமுறையில் இருப்பவரின் சம்பளத்தை அரசு ஏற்கெனவே கொடுக்கிறது. புதிதாக வேண்டியது பதிலாசிரியருக்கான கொடுப்பனவு மட்டுமே.

படித்து முடித்ததும் நகரத்துக்கு மாற்றம் வாங்கிப் போய்விடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. கற்கை விடுமுறைக்கு இப்போதும் பிணையாளிகளோடு ஒப்பந்தம் எழுதப்படுகிறது. அது அரச சேவையோடு பிணைக்கிறதே ஒழியப் பாடசாலையோடு பிணைப்பதில்லை. பதிலாசிரியர் நிதியால் விடுவிக்கப்பட்டவரின் ஒப்பந்தத்தில் மட்டும், குறித்த காலம் அதே வலயத்தில் பணியாற்ற வேண்டும் என்று ஒரு வாசகத்தைச் சேர்க்கலாம். அந்தக் காலத்தில் பேராதனையில் கட்டணமின்றி முதுமாணி படிக்கும் உரிமையும் அவருக்கு இருந்தால், மலையில் தங்குவது அவருக்குத் தண்டனையாகத் தோன்றாது.