ஊரடங்கு நாட்களில் நம் பிள்ளைகளின் மனசு: பதியாமல் விட்ட ஒரு வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் உள்ள வீட்டார் நேரம் ஒதுக்கி வாசியுங்கள்.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. அதற்கு ஒரு வாரம் முன்பே, மார்ச் 13 முதல், பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. அந்த வருடம் முதலாம் தரத்தில் சேர்ந்து, பென்சில் பிடிக்கப் பழகும்போதே வீட்டுக்குள் போன பிள்ளைகள் இன்று இடைநிலை வகுப்புகளில் இருக்கிறார்கள்.

எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை மரணம், எந்த ஊர் எப்போது மூடப்பட்டது என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. வீட்டுக்குள் இருந்த பிள்ளையின் மனசில் என்ன நடந்தது என்பதை நம் ஊர்களில் யாரும் எழுதி வைக்கவில்லை. அடுத்த தொற்றோ வெள்ளமோ ஊரடங்கோ எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. வரும்போது அரிசி, பருப்பு வாங்கி வைப்போம். பிள்ளைகளின் மனசுக்கு என்ன எடுத்து வைக்கப் போகிறோம்? அதற்குத்தான் பழையதைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கிறோம்.

*பாடத்துக்கு வழி கிடைத்தது*

1937 செப்டெம்பரில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் போலியோ பரவியது. பாடசாலைகளைத் திறக்க முடியவில்லை. நகரத்தின் வானொலி நிலையங்கள் நேரம் ஒதுக்கின. மூன்றாம் தரம் முதல் எட்டாம் தரம் வரை, ஒவ்வொன்றும் 15 நிமிடம் என்ற அளவில் பாடங்கள் ஒலிபரப்பாயின. நேர அட்டவணையும் வேலைகளும் பத்திரிகைகளில் வந்தன. பெற்றோர் சந்தேகம் கேட்க ஆசிரியர்கள் தொலைபேசி அருகே அமர்ந்திருந்தார்கள். வானொலி இல்லாத வீட்டுப் பிள்ளைகளும், சத்தம் தெளிவாகக் கேட்காத பகுதிப் பிள்ளைகளும் பின்தங்கினார்கள்.

83 வருடத்துக்குப் பிறகு நம் நாட்டிலும் அதே கதைதான். நேத்ரா தொலைக்காட்சியில் ‘குரு கெதர’ பாடங்கள் தமிழில் போயின. நாங்கள் வட்ஸ்அப்பில் பயிற்சித் தாள்கள் அனுப்பினோம். மூன்று பிள்ளைகளுக்கு ஒரே ஒரு போன், அதுவும் வாப்பாவின் போன் என்ற வீடுகள் நிறைய. டேட்டா போட காசில்லாத வீடுகளும் இருந்தன. ஆனாலும் பாடத்துக்கு ஓர் அட்டவணை இருந்தது, ஒரு பொறுப்பாளி இருந்தார். பிள்ளையின் பயத்துக்கு இரண்டும் இருக்கவில்லை.

*லண்டன் சொன்ன பாடம்*

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 செப்டெம்பரின் முதல் மூன்று நாட்களில் பிரித்தானிய நகரங்களிலிருந்து சுமார் 15 இலட்சம் பேர் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். அதில் பலர் தாய் தகப்பன் இல்லாமல் போனவர்கள். குண்டிலிருந்து உயிரைக் காப்பாற்றுவதுதான் நோக்கம். அதில் பிழை சொல்ல முடியாது.

ஆனால் அன்னா ஃபிராய்ட், டொரதி பர்லிங்கம் என்ற இரு பெண்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். 1941 முதல் லண்டன் ஹம்ப்ஸ்டெட் பகுதியில் போர்க்காலக் குழந்தைகள் இல்லங்களை நடத்தியவர்கள் அவர்கள். பிள்ளைகளை நாளாந்தம் பார்த்துக் குறிப்பெழுதினார்கள். அவர்கள் கண்டது இதுதான்: குண்டுச் சத்தத்தை விட உம்மாவைப் பிரிந்ததுதான் சின்னப் பிள்ளைகளை அதிகம் உடைத்தது. உம்மா அமைதியாக இருந்தால், குண்டு விழும் இரவிலும் பிள்ளை பெரும்பாலும் தூங்கியது. உம்மா நடுங்கினால் பிள்ளையும் நடுங்கியது.

அதன் பிறகு தங்கள் இல்லத்திலிருந்த பிள்ளைகளைச் சிறு சிறு ‘குடும்பங்களாக’ப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தாய் போல ஒரு பணியாளரைப் பொறுப்பாக்கினார்கள். பிள்ளைக்கு ‘என்னுடைய ஆள்’ என்று ஒருவர் வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

இதை நம் வீட்டுக்குக் கொண்டு வந்தால் அர்த்தம் எளிது. வெளியே நடப்பதைப் பிள்ளை நேராகப் பார்ப்பதில்லை. நம் முகத்தைப் பார்த்துத்தான் அறிந்துகொள்கிறது.

*நம் பிள்ளைகளுக்கு அது முதல் ஊரடங்கு அல்ல*

2018 மார்ச்சில் திகன கலவரத்தோடு கண்டி மாவட்டத்தில் ஊரடங்கு. 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிறகு நாடு முழுவதும் ஊரடங்கு. அந்த மே 13ஆம் திகதி வடமேல் மாகாணத்தில் நம் கடைகளும் பள்ளிவாசல்களும் வீடுகளும் தாக்கப்பட்ட இரவிலும் ஊரடங்கு. வீடுகள் சோதிக்கப்பட்டன. அரபு எழுத்து இருந்த புத்தகங்களைப் பெரியவர்கள் பதறி ஒளித்து வைத்ததைப் பிள்ளைகள் பார்த்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020இல் பத்து வயதான ஒரு பிள்ளை எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்று வயதிலும் ஊரடங்கைக் கேள்விப்பட்டோ அனுபவித்தோ இருக்கிறது. ‘கதவைச் சாத்து, சத்தம் போடாதே’ என்பது அந்தப் பிள்ளைக்குக் கிருமியைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல.

அதோடு ஜனாஸா விடயம் சேர்ந்தது. 2020 மார்ச் கடைசியில் கொவிட்டால் மரணித்த முதல் முஸ்லிமின் உடல் எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11இல் எரிப்பதையே கட்டாயமாக்கிய வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் நிலை மாறவில்லை. டிசம்பரில் பிறந்து 20 நாளான ஒரு பச்சிளம் குழந்தை எரிக்கப்பட்டபோது பொரளை கனத்தையின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி 25இல்தான் அனுமதி கிடைத்து, மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

இந்த 11 மாதங்களும் நம் வீட்டுப் பேச்சு என்னவாக இருந்தது என்று நமக்குத் தெரியும். சோற்றுக் கோப்பைக்கு முன்னாலும் அதே பேச்சு, போனில் அதே வீடியோ. உம்மம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் அவவையும் எரித்துவிடுவார்களா என்று கேட்ட பிள்ளைகள் உண்டு. தனக்குத் தடிமன் வந்ததைச் சொல்லாமல் மறைத்த பிள்ளைகளும் உண்டு. மன்னிப்பு பெரியவர்களுக்குக் கேட்டது. அந்தப் பயத்தோடு தூங்கப் போன பிள்ளைகளிடம் யார் பேசினார்கள்?

*நோன்பு மாதம் தாங்கிப் பிடித்தது*

எல்லாம் இருட்டல்ல. 2020 ஏப்ரல் 25இல் நோன்பு தொடங்கியபோது பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. வீடே பள்ளிவாசலாகியது. வாப்பா இமாம், மகன் பாங்கு சொன்னான், மகள் உம்மாவின் பக்கத்தில் ஸப்பில் நின்றாள். ஸஹர், நோன்பு திறத்தல், தராவீஹ் என்று நாள் ஓர் ஒழுங்குக்கு வந்தது. பெருநாள் தினமான மே 24இலும் ஊரடங்குதான். ஆனாலும் வீட்டில் உள்ள துணியை உடுத்தி, மொட்டை மாடியிலும் முற்றத்திலும் தக்பீர் சொன்ன பெருநாளைப் பல பிள்ளைகள் இன்றும் சந்தோஷமாகச் சொல்கிறார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. நாளுக்கு ஓர் ஒழுங்கு, பிள்ளைக்கு ஒரு பொறுப்பு, பக்கத்தில் பெரியவர்கள். இந்த மூன்றும் கிடைத்த வீட்டில் பிள்ளை தாங்கிக்கொண்டது.

*இனி என்ன செய்யலாம்?*

ஒன்று, உண்மையைப் பிள்ளையின் அளவுக்குச் சொல்லுங்கள். நோர்வேயின் அன்றைய பிரதமர் 2020 மார்ச்சில் பிள்ளைகளுக்கென்றே ஒரு ஊடகச் சந்திப்பு நடத்தி, பயம் வருவது இயல்புதான் என்று சொன்னார். நாம் சோற்றுப் பாயில் உட்கார்ந்து அதைச் சொல்லலாம். ‘ஒன்றுமில்லை, போய் விளையாடு’ என்றால் பிள்ளை பயத்தைத் தனியே சுமக்கும்.

இரண்டு, மரணச் செய்தியையும் வீடியோவையும் பிள்ளைக்கு முன்னால் ஓட விடாதீர்கள்.

மூன்று, திடீரென்று படுக்கை நனைத்தல், உம்மாவை விடாமல் ஒட்டிக்கொள்ளுதல், காரணமில்லாத கோபம், அளவுக்கு மீறிய மௌனம் ஆகியவற்றைக் குழப்படி என்று அடிக்காதீர்கள். அது பிள்ளை தன் பயத்தைச் சொல்லும் விதமாக இருக்கலாம். நீடித்தால் வைத்தியரிடம் பேசுங்கள். சிறுவர் உதவிக்கு 1929, மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கங்கள் இருக்கின்றன. அழைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் நபி (ஸல்) அவர்கள், வளர்த்த குருவி செத்துப்போன கவலையில் இருந்த அபூ உமைர் என்ற சிறுவனிடம் அந்தக் குருவியைப் பற்றியே விசாரித்தார்கள். ஒரு சமூகத்தையே வழிநடத்திய அவர்களுக்கு ஒரு பிள்ளையின் சின்னக் கவலைக்கு நேரம் இருந்தது.

இன்று இரவு உங்கள் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த ஊரடங்கு நாட்களில் உனக்கு எது பயமாக இருந்தது? பதில் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். முடிந்தால் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நம் ஊரின் வரலாற்றில் இல்லாத பக்கம் அதுதான்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அமைதியைத் தருவானாக.