கண்டிச் சீமையில் சுவிசேஷ விரித்துரை

கண்டிச் சீமையில் சுவிசேஷ வாசகத்தை அன்றாட வாழ்வோடு பொருத்திச் சொல்லும் வழக்கம், குருமார் அரிதாகவே வந்துபோன ஊர்களில், அவர்களுக்கு ஈடாக நின்ற எளிய விசுவாசிகளின் வாய்மொழியில் வேரூன்றியது. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கல்வினின் சீர்திருத்தக் கொள்கையைப் பின்பற்றியவர்களாதலால், தம் ஆட்சிப் பரப்பில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருமாரை வெளியேற்றினர். பௌத்த மன்னர் ஆண்ட மலைநாட்டில் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாழ இடம் கிடைத்தபோதிலும், அவர்களுக்குப் பூசை நிறைவேற்றவோ வேதம் விளக்கவோ குருவானவர் இல்லாமற் போனார்.

இந்த வெறுமையை அறிந்து 1687இல் கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்தவர் கோவாவின் யோசப் வாஸ் அடிகளார். துறவற வார்த்தைப்பாடு எடுக்காமலே ஒருமித்து வாழும் குருக்களின் கூட்டமைப்பான ஒரட்டோரியன் சபையின் கோவாக் கிளையைச் சேர்ந்தவர் அவர். அக்கிளையின் குருமார் அனைவரும் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும் பணியாற்றிய பின் 1692இல் கண்டியை அடைந்தபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தின் பேரில் சிறைவைக்கப்பட்டார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரின் நம்பிக்கையைப் படிப்படியாகப் பெற்ற பின்னரே நாடெங்கும் சென்றுவர முடிந்தது. 1697இல் தலைநகரில் பெரியம்மை பரவியதும் மன்னர் நகரை விட்டு அகன்றார். நோய் கண்டோரை உறவினரே காட்டோரங்களில் விட்டுச் சென்றனர். வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகனாகிய யோசப் கார்வல்யோ அடிகளாரும் அவர்களைத் தேடிச் சென்று, குடிசைகள் அமைத்துக் கிடத்தி, உணவூட்டிப் புண் கழுவி, மாண்டோரைப் புதைத்தனர். பௌத்தர், கத்தோலிக்கர் என்ற வேறுபாடு அங்கே பார்க்கப்படவில்லை. லூக்காவின் 10ஆம் அதிகாரத்தில், வழியோரம் குற்றுயிராய்க் கிடந்தவனை எடுத்துப் பேணிய சமாரியனின் உவமைக்குக் கண்டி மக்கள் கண்ட முதல் விரித்துரை இச்செயலே எனக் கருதுவது மிகையாகாது. எழுத்திலான விரித்துரை அதற்குப் பிறகே வந்தது.

அதை எழுதியவர் 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார். தமிழையும் சிங்களத்தையும் ஆழக் கற்ற அவர், 1707 முதல் 1739 வரை ஆண்ட வீர நரேந்திரசிங்க மன்னரின் மதிப்பைப் பெற்று, இரு மொழிகளிலும் நூல்களை இயற்றினார். அவற்றுள் தமிழில் அமைந்த ‘சுவிசேஷ விரித்துரை’ சுவிசேஷ வாசகங்களுக்கு விளக்கம் தருவது. ‘வியாகுலப் பிரசங்கம்’ கிறிஸ்துவின் பாடுகளைப் புலம்பல் தொனியில் எடுத்துரைப்பது. பின்னைய நூல் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படும் மரபு ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே தலைமுறைகளைக் கடந்து நிலைத்திருக்கிறது. ஒரு குருவானவர் பல ஊர்களைக் கால்நடையாகச் சுற்றிவர வேண்டியிருந்ததால், அவர் வராத வாரங்களில் ஆலயக் காரியங்களை மூப்பரும், செபத்தையும் ஞானோபதேசத்தையும் அண்ணாவியாரும் நடத்தினர். மூப்பர் என்பவர் ஊர்ச்சபையின் பொறுப்பாளர், அண்ணாவியார் என்பவர் வேதம் கற்பிக்கும் ஆசிரியர். கையால் படியெடுக்கப்பட்டு ஊருக்கு ஊர் சென்ற ஏடு, அண்ணாவியாரின் குரலில் குருவானவரின் இடத்தை நிரப்பியது. வாசிக்கக் கேட்பதற்கென்றே எழுதப்பட்ட எழுத்து, உழவனும் நெசவாளியும் ஒரே செவியில் வாங்கிக்கொள்ளும்படி அமைய வேண்டியிருந்தது. கொன்சால்வேஸின் உரைநடைக்குத் தமிழ் இலக்கிய வரலாற்றில் இன்னும் உரிய இடம் கிடைக்காதது பெருங்குறை.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமான பின், கோப்பித் தோட்டங்களுக்கென மலைநாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரிடையே இதே தேவை வேறொரு வடிவில் எழுந்தது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் சி.எம்.எஸ். சங்கத்தைச் சார்ந்து 1854இல் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’, அதன் பெயரிலேயே அக்காலத்தின் இழிவைச் சுமந்ததாயினும், திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்களைத் தோட்டந்தோறும் அனுப்பியது. உபதேசியார் என்பவர் குருப்பட்டம் பெறாத போதகர், மலையேறிச் சென்று லயங்களில், அதாவது தொழிலாளர் வசித்த வரிசை வீடுகளில், வேதம் வாசித்தவர். மத்தேயுவின் 20ஆம் அதிகாரத்தில், பொழுது சாயும் வேளையில் வேலைக்கு வந்தவனுக்கும் முழுநாட் கூலி கொடுத்த திராட்சைத் தோட்டத்து எசமானின் கதை, விடியலில் பிரட்டுக் களத்தில் ஆள் எண்ணப்பட்டு, வேலை குறைந்தால் ‘அரைப்பேர்’ மட்டும் பதியப்பட்டு அரைநாட் கூலி பெற்றவர்களின் செவியில் விழும்போது, அது வெறும் மறுமைச் செய்தியாக நின்றிருக்க இயலாது. ஆனால் தோட்டத் துரைமாரின் நன்கொடையைச் சார்ந்திருந்த ஒரு மிஷன் அக்கதையின் கூர்மையை முழுவதும் வெளிப்படுத்தத் தடைகள் இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கூர்மை வெளிப்படையாகப் பேசப்பட்டது நெடுங்காலத்திற்குப் பின்னர்தான். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, மீதி ஏறத்தாழ 1,50,000 பேரின் கதியைப் பின்னொரு பேச்சுக்கு ஒதுக்கியது. இப்பின்னணியில் இயேசு சபைக் குருவான பால் கஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் கண்டியில் ‘சத்யோதய’ நிலையத்தை நிறுவினார். சிங்களரும் தமிழரும் அங்கே ஒன்றுகூடித் தோட்டத் தொழிலாளரின் கூலி, குடியிருப்பு, குடியுரிமை ஆகியவற்றை ஆராய்ந்து அவர்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்தனர்.